கிரைட்டனின் கடற்கொள்ளை நாவல்: வெளியிட்டது சரிதானா? (கதை முடிவும் பேசப்படுகிறது)

பாய்மரம் எழுதியது:

'ஜுராசிக் பார்க்' எழுதிய மைக்கேல் கிரைட்டனின் 'பைரேட் லாட்டிட்யூட்ஸ்' நாவலை இப்போதுதான் முடித்தேன். அவர் 2008 நவம்பரில் காலமானார். அவருடைய கணினியில் உதவியாளர் கண்டெடுத்த பிரதி 2009 நவம்பரில் புத்தகமாக வந்தது. இத்தனை வருடம் கழித்தும் இந்தப் புத்தகத்தின் பேச்சை எடுத்தால் வாசகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "கீழே வைக்க மனசே வரவில்லை" என்று ஒரு கட்சி, "அவர் பெயரில் இது வந்திருக்கவே கூடாது" என்று இன்னொரு கட்சி.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. 1665, ஜமைக்காவின் போர்ட் ராயல். மத்தான்செரோஸ் என்ற ஸ்பானியக் கோட்டைத் தீவில், தங்கம் ஏற்றிய கப்பல் ஒன்று தன் கூட்டத்தைப் பிரிந்து ஒதுங்கி நிற்கிறது. கேப்டன் சார்லஸ் ஹன்டர் அதைப் பிடித்துவர ஆள் சேர்க்கிறார். வெளியே சொல்லிக்கொள்வது மரம் வெட்டப் போவதாக. ஆளுநருக்கு உள்விவரம் தெரியும், பங்கும் உண்டு. இந்த முதல் பகுதி அபாரம். முக்கியமாக, கழுத்து அறுபட்டுப் பிழைத்து, குரல் போய் வெறும் மூச்சுக்காற்றில் பேசுகிற விஸ்பர் என்ற கிழவரிடம் ஹன்டர் கோட்டையைப் பற்றி விசாரிக்கும் இடம். கோட்டைக்குள் போய்வந்து உயிரோடிருப்பவர் அவர். அந்த உடம்பைப் பார்த்ததுமே போகிற இடம் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடுகிறது. கோட்டையை விவரிக்கப் பத்துப் பக்கம் தேவைப்படவில்லை.

கொள்ளை முடிந்து திரும்பும் வழியில்தான் கதை தள்ளாட ஆரம்பிக்கிறது. துரத்தும் போர்க்கப்பல், சூறாவளி, நரமாமிசம் தின்கிறவர்கள், ராட்சதக் கடல்விலங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஊர் சேர்ந்த பிறகு துரோகம், வழக்கு, மரண தண்டனை, பழிவாங்கல் எல்லாம் மூச்சு விடாமல் ஓடி முடிகின்றன.

கிரைட்டன் கைவிட்ட பிரதியா இது, அல்லது முடித்துவைத்து வெளியிடக் காத்திருந்த பிரதியா? அது தெரிந்தால்தான் குறையை யார் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்ய முடியும். படித்தவர்கள் சொல்லுங்கள்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

நான் முதல் கட்சி, தயக்கமே இல்லாமல். அவர் இறந்த செய்தி வந்தபோது இனி அவர் எழுதிய புதுப் பக்கம் ஒன்றுகூட வராது என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு அடுத்த வருடமே இது கைக்கு வந்தது. 'ஜுராசிக் பார்க்' அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து எடுத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். நான் ஒரு கடல் சாகசக் கதை கேட்டேன், அதுதான் கிடைத்தது.

டான் டியேகோவை யாரும் மறந்துவிடாதீர்கள். வெடிமருந்து வேலையில் கைதேர்ந்த யூதர். பயணத்துக்குச் சாமான் பட்டியல் போடும்போது எலி வேண்டும் என்கிறார். கேட்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. அப்புறம் எலிக்குடலை எடுத்து, பதப்படுத்தி, அதைக்கொண்டு வெடிகுண்டு செய்கிறார். ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அது எப்படி வேலை செய்யும் என்று காட்டி, அந்த அறிவாலேயே பதற்றத்தை ஏற்றுவது கிரைட்டனின் கை. மரபணுவானாலும் சரி, எலிக்குடலானாலும் சரி. இதை எழுதியது வேறு யாரோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்களே, அவர்கள் இந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கட்டும்.

திருத்துநர் எழுதியது:

பிறர் பிரதியைச் செம்மை செய்வது என் தொழில், அதனால் இதை அந்தக் கண்ணோடுதான் படித்தேன். எனக்கு இது முதல் வரைவு. நல்ல வரைவு, ஆனால் வரைவு.

ஆள் சேர்க்கும் பகுதியைக் கவனியுங்கள். லாசூவுக்குக் கழுகுக் கண், சான்சனுக்குக் கொலைத் திறமை, எண்டர்ஸுக்குச் சுக்கானும் அறுவை சிகிச்சையும், பாசாவுக்கு உடல் பலம், டான் டியேகோவுக்கு வெடிமருந்து. ஒவ்வொருவரையும் அவ்வளவு அக்கறையாக அறிமுகப்படுத்துகிறார். அந்தத் திறமை ஒன்றிரண்டு முறை பயன்படுகிறது, வேலை முடிந்ததும் ஆள் மங்கிப்போகிறார். அவர்களுக்குள் என்ன உறவு, யார் யாரை நம்புகிறார், சான்சன் எந்தக் கட்டத்தில் மனம் மாறினான் என்பதெல்லாம் இல்லை. சான்சனின் துரோகம் கதையின் முதுகெலும்பு. அதற்கான விதை முன்பகுதியில் போதுமான அளவு விழவில்லை. ஆசிரியர் உயிரோடு இருந்தால் ஓரத்தில் "இவன் ஏன் இப்படிச் செய்கிறான்?" என்று ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருப்பேன், பதில் வந்திருக்கும். இறந்தவரிடம் கேட்க வழியில்லை. பதிப்பகம் தானாக எழுதிச் சேர்த்தால் அது துரோகம், அப்படியே விட்டால் ஓட்டை.

வழக்கு நடக்கும் பகுதியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆளுநரின் செயலாளர் ஹேக்லட் அவரையே ஒதுக்கிவிட்டு அதிகாரத்தைக் கையில் எடுப்பது தனி நாவலுக்கான சமாச்சாரம். அது குறிப்பெழுதின வேகத்தில் போகிறது.

பாய்மரம் எழுதியது:

திருத்துநர் சொன்ன ஆள் சேர்க்கும் பகுதியிலிருந்து எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. இது கடற்கொள்ளை வேஷம் போட்ட திட்டமிட்ட திருட்டுக் கதை. பூட்டிய இடம், உள்ளே தங்கம், ஆளுக்கொரு திறமை, ஒத்திகை, திட்டம், திட்டம் பிசகுவது. இதே வடிவத்தை அவர் ஏற்கெனவே முழுமையாகச் செய்துகாட்டிய புத்தகம் 1975இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'. 1855இல் இங்கிலாந்தில் ஓடும் ரயிலில் நடந்த உண்மையான தங்கத் திருட்டை வைத்து எழுதியது. அடுத்த வருடம், பத்தாம் நூற்றாண்டுப் பயணி இபின் ஃபத்லானின் குறிப்புகளை வைத்து 'ஈட்டர்ஸ் ஆஃப் தி டெட்'. பின்னாளில், 2017இல் வெளிவந்த 'டிராகன் டீத்' பிரதியும் 1974ஐச் சேர்ந்தது. எழுபதுகளில் அவர் மனசு முழுக்கப் பழைய காலத்துச் சாகசங்களில் இருந்திருக்கிறது.

1979இலேயே ஓர் அமெரிக்கத் திரைப்பட இதழ், பதினேழாம் நூற்றாண்டுக் கரீபியக் கொள்ளையர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் திட்டம் அவருக்கு நெடுநாளாக இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இதை ஒரு கிழவரின் கடைசி நாவலாக எனக்குப் படிக்க முடியவில்லை. முப்பது சொச்ச வயது இளைஞன் ஆரம்பித்து, ஏதோ ஒரு காரணத்துக்காக ஒதுக்கிவைத்த கதையாகத்தான் படிக்கிறேன். அதன் துள்ளலும் அவசரமும் அப்படிப் படித்தால்தான் பொருந்துகின்றன.

நள்ளிரவு வாசகி எழுதியது:

ஒதுக்கிவைத்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1979இல் ஆரம்பித்தது 2008இல் அவருடைய கணினியில் இருக்கிறது என்றால், இடையில் எத்தனையோ கருவி மாறியிருக்கும். தட்டச்சுத் தாளில் பரணில் கிடந்திருந்தால் கைவிட்டார் என்று ஒப்புக்கொள்வேன். கணினி வரை கூடவே கொண்டுவந்திருக்கிறார். வேண்டாம் என்று நினைத்தவர் இப்படிச் செய்வாரா?

திருத்துநர் எழுதியது:

தூக்கிப் போடவில்லை என்பது வரை சரி. முடித்துவிட்டார் என்று அது காட்டாது. எழுதுகிறவர்கள் பலரும் அரைகுறைப் பிரதிகளைக் கடைசி வரை வைத்திருப்பார்கள், என்றாவது திரும்பி வரலாம் என்று. வெளியிடத் தயார் என்று நினைத்திருந்தால் அவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். அவர் எழுதியது எதுவானாலும் வாங்கிக்கொள்ளப் பதிப்பகங்கள் காத்திருந்த காலம் அது.

பழங்கணக்கு எழுதியது:

வரலாற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் பேசலாமா? அதில்தான் இந்த நாவலுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்து ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தது 1655. பத்து வருடம்கூட நிலைத்துக் காலூன்றாத குடியேற்றம், சுற்றிலும் ஸ்பானியக் கடல், காவலுக்குப் போதுமான கடற்படை இல்லை. அதனால் ஆளுநர்கள் கொள்ளையர் கையில் அனுமதிப் பத்திரத்தைக் கொடுத்து அவர்களையே ஊரின் காவலாக்கினார்கள். கொண்டுவருவதில் அரசருக்கும், கடற்படைத் தலைமையில் இருந்த அரசரின் தம்பிக்கும் பங்கு போகும். காகிதம் இருந்தால் வீரன், இல்லாவிட்டால் தூக்குக்கயிறு. தன்னைக் கொள்ளைக்காரன் என்று யாராவது சொன்னால் ஹன்டர் கோபப்படுவது இதனால்தான். நாவலில் வரும் ஆளுநர் அல்மான்ட் கற்பனை ஆள். 1664 முதல் 1671 வரை உண்மையில் அந்த நாற்காலியில் இருந்த தாமஸ் மோடிஃபோர்டும் இதே வேலையைத்தான் செய்தார்.

ஹன்டருக்குப் பின்னால் நிற்கும் நிழல், அந்தக் காலத்து நிஜக் கொள்ளைத் தலைவர் ஹென்றி மார்கன். 1668இல் ஸ்பானியத் துறைமுகமான போர்ட்டோபெலோவைப் பிடித்தபோது மார்கன் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் கப்பலைக் கொண்டுபோகவில்லை. தூரத்திலேயே நிறுத்திவிட்டுச் சிறு படகுகளில் கரையோரமாகப் போய், இரவோடு இரவாகத் தரைவழியாக நடந்து, விடியும் நேரத்தில் ஊருக்குள் புகுந்தார். கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகள் நின்றபடியே நின்றன. மத்தான்செரோஸில் ஹன்டரின் ஆட்கள் யாரும் காவல் போடாத பாறைச்சுவர்ப் பக்கமாக ஏறுவதைப் படித்ததும் எனக்கு போர்ட்டோபெலோதான் ஞாபகம் வந்தது. "நம்பவே முடியவில்லை" என்று பலர் தள்ளிவிடும் காட்சி அது. நடந்த வரலாறு அதைவிட நம்ப முடியாதது.

1669இல் மரக்காய்போவில் நடந்தது இன்னும் விசேஷம். ஏரியிலிருந்து கடலுக்கு வெளியே போகும் வாயை ஸ்பானியப் போர்க்கப்பல்கள் அடைத்துக்கொண்டன. மார்கன் ஒரு கப்பலில் வெடிமருந்தும் தாரும் நிரப்பி, மரக்கட்டைகளை மனிதர்களைப் போல நிறுத்தி, தலைமைக் கப்பலோடு மோதவிட்டு எரித்தார். மிச்சம் இருந்தது கோட்டை. பகலெல்லாம் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோனார், திரும்பும்போது அவர்களையே படகின் அடியில் படுக்கவைத்துக் கப்பலுக்குக் கொண்டுவந்தார். தரைவழித் தாக்குதல் வரப்போகிறது என்று நம்பிய கோட்டைக்காரர்கள் பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்பினார்கள். இரவில் கப்பல்கள் நழுவிவிட்டன. கிரைட்டன் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. அந்தக் காலக் கப்பல்களில் புறப்படும் முன் ஒப்பந்தம் எழுதுவார்கள். கொள்ளையர்களோடு மருத்துவராகப் போய்வந்த எக்ஸ்குவெமெலின் 1678இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. வலது கை போனால் 600 வெள்ளி நாணயம், இடது கை 500, வலது கால் 500, இடது கால் 400, கண் ஒன்றுக்கு 100, விரலுக்கும் 100. கேப்டனுக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு என்பதும் முதலிலேயே முடிவாகிவிடும். எந்த அரசாங்கமும் சாதாரண மாலுமிக்கு இப்படிப் பேசிய காலம் இல்லை அது. ஹன்டரின் கப்பலில் இந்த மனிதர்களின் குரலுக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்கலாம். அவர்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால், திருத்துநர் சொல்கிற ஓட்டைகளில் பாதி அடைபட்டிருக்கும்.

ஆழ்கடல் எழுதியது:

எல்லோரும் திட்டுகிற ராட்சதக் கணவாய்க்காக நான் பேசுகிறேன். எனக்கு அந்த அத்தியாயம் ரொம்பப் பிடித்தது. 1665இல் ஒரு மாலுமியின் மனசில் கடல் எப்படி இருந்தது என்பதுதானே கதை? அவனுக்கு அது நிஜம்.

உண்மையான விலங்கைப் பார்த்தாலும் பயம் நியாயம்தான். அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 1857இல்தான். 1861இல் டெனெரிஃப் தீவுப் பக்கம் 'அலெக்டான்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இப்படி ஒரு கணவாயைக் கண்டு, சுட்டு, ஈட்டி எறிந்து, கயிறு கட்டி இழுக்கப் பார்த்தது. கயிறு சதையை அறுத்துக்கொண்டு போய் வால் துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. ஆழத்தில் உயிரோடு நீந்துவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் படம் பிடித்தது 2004இல். அதாவது கிரைட்டன் இதை யோசித்த காலத்தில் உயிருள்ள ராட்சதக் கணவாயை அதன் இடத்தில் படமெடுத்தவர் எவரும் இல்லை.

பாய்மரம் எழுதியது:

ஆழ்கடல், மாலுமி நம்பியிருப்பான் என்பது சரி. மாலுமி சொல்லிக் கேட்ட கதையாக வந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஆனால் எலிக்குடல் வரை "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று காட்டிவந்த ஆசிரியர், அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும் தன் ஒப்பந்தத்தை மீறுகிறார். கப்பலைத் தாக்குகிறது, போராட்டம், போய்விடுகிறது. அதனால் கதையில் எதுவும் மாறவில்லை. சூறாவளியை எடுத்துவிட்டால் கதை உடையும், கணவாயை எடுத்துவிட்டால் உடையாது.

ஆழ்கடல் எழுதியது:

கதை மாறாவிட்டால் என்ன, அந்தப் பக்கங்களில் எனக்கு மூச்சு நின்றது. எனக்கு அது போதும்.

கரையோரம் எழுதியது:

பெண் பாத்திரங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்குப் புத்தகம் கசந்தது அங்கேதான். ஆளுநரின் உறவுப்பெண் சாரா அல்மான்ட் கடத்தப்படுகிறாள், மீட்கப்படுகிறாள். ஹேக்லட்டின் மனைவி எமிலிக்கு நேரும் கொடுமைகள் கதையை நகர்த்தும் கருவியாகத்தான் பயன்படுகின்றன. அந்தக் காலம் கொடூரமானது என்று பதில் வரும், தெரியும். காலம் கொடூரமாக இருந்ததை எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அதை அனுபவித்தவளின் மனசுக்குள் ஒரு பக்கமாவது போயிருக்க வேண்டும். கப்பலின் பீரங்கி வரிசைக்குக் கொடுத்த பொறுமையை எமிலிக்குக் கொடுக்கவில்லை.

லாசூ ஒருத்திதான் விதிவிலக்கு. ஆணாக வளர்க்கப்பட்டவள், கப்பலில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அவளை முன்னால் நிறுத்தி எழுதியிருந்தால் இந்த நாவலின் தரமே வேறு. சண்டையில் அவள் மார்பைத் திறந்து எதிரியைத் தடுமாறவைக்கும் இடம் மட்டும்தான் பலருக்கு ஞாபகம் இருக்கிறது, அதுவே எனக்கு வருத்தம்.

பழங்கணக்கு எழுதியது:

கரையோரம் சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். லாசூ ஆதாரமில்லாத கற்பனையும் இல்லை. 1720 நவம்பரில் ஜமைக்காவில் ஆன் போனி, மேரி ரீட் இருவர் மீதும் கொள்ளை வழக்கு நடந்தது. அவர்கள் கொள்ளையிட்ட பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள்: ஆண்களின் கால்சட்டை போட்டு, தலையில் துணி கட்டி, கையில் கத்தியும் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள், மார்பின் பருமனைப் பார்த்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டேன் என்று. கிரைட்டன் அங்கிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் அந்த வழக்கில் நெஞ்சை அடைப்பது வேறு. தண்டனை சொன்னதும் இருவரும் தாங்கள் கர்ப்பமாக இருப்பதாகத் தெரிவித்தார்கள், தூக்கு தள்ளிப்போனது. மேரி ரீட் அடுத்த வருடம் சிறையிலேயே இறந்தாள். இவ்வளவு கையில் இருந்தது.

நள்ளிரவு வாசகி எழுதியது:

கரையோரம், எமிலி விஷயத்தில் உங்களோடு வாதாட என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பக்கங்களை நானும் வேகமாகத்தான் கடந்தேன்.

திரும்ப வெளியீட்டுக்கு வருகிறேன். இன்னொரு பிரதி பாதியில் நின்றிருந்தது, அதை ரிச்சர்ட் பிரஸ்டன் முடித்து 2011இல் 'மைக்ரோ' வந்தது. அப்புறம் 2024இல் ஜேம்ஸ் பாட்டர்சன் முடித்த 'எரப்ஷன்'. மூன்றையும் படித்துவிட்டுச் சொல்கிறேன், 'மைக்ரோ'வில் எங்கே கிரைட்டன் முடிகிறார், எங்கே அடுத்தவர் தொடங்குகிறார் என்று தேடுவதிலேயே என் கவனம் போனது. இதில் அந்தத் தொல்லை இல்லை. குறையோ நிறையோ, அவருடையது. இதையும் யாராவது கையில் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லியிருந்தால் சான்சனுக்குக் காரணம் கிடைத்திருக்கும், எமிலிக்கு ஒரு பக்கம் கிடைத்திருக்கும், எனக்குக் கிரைட்டன் கிடைத்திருக்க மாட்டார்.

திருத்துநர் எழுதியது:

இதில் உங்கள் பக்கம்தான் நானும். தொடாமல் வெளியிட்டது சரி. சொல்லாமல் வெளியிட்டதுதான் தவறு.

பாய்மரம் எழுதியது:

இதைத்தான் நானும் சொல்லவந்தேன். என்னிடம் இருக்கும் பதிப்பில் பிரதியைப் பற்றிய முன்னுரை எதுவும் இல்லை. எப்போது எழுதத் தொடங்கினார், எந்த நிலையில் கிடைத்தது, பதிப்பகம் எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று இரண்டு பக்கம் போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 'டிராகன் டீத்' வந்தபோது அவருடைய மனைவி ஷெர்ரி கிரைட்டன் பின்னுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு நாவலை யோசிக்கும்போது, ஓர் எழுத்தாளரின் வேலைமேசையைப் பார்க்க அனுமதித்த நன்றி வருகிறது. இங்கே அட்டையில் பெரிய எழுத்தில் பெயரைப் போட்டு, புது நாவல் என்று கையில் கொடுத்தார்கள். வாசகர் அதை முடிந்த நாவலாகத்தான் எடை போடுவார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அடி வாங்கியது செத்துப்போன மனிதர். திருத்தி எழுதவோ, "இது இன்னும் முடியவில்லை" என்று சொல்லவோ அவருக்கு வழியே இல்லை. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

கரையோரம் எழுதியது:

புத்தகம் வரும் முன்பே, 2009 ஆகஸ்டில், ஸ்பீல்பெர்க் படமாக்கப்போகிறார், டேவிட் கெப் திரைக்கதை எழுதுகிறார் என்று அறிவிப்பு வந்தது. அந்தப் பரபரப்புக்கு நடுவே "இது வரைவு" என்று எந்தப் பதிப்பகமும் சொல்லாது. படமும் இதுவரை வரவில்லை.

புதிய வரவு எழுதியது:

நான் கிரைட்டனை இதுவரை படித்ததில்லை, படங்கள்தான் பார்த்திருக்கிறேன். கடல் கதை என்றால் உயிர். இதிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

ஆழ்கடல் எழுதியது:

தாராளமாக. கேள்வி கேட்காமல் படியுங்கள்.

பாய்மரம் எழுதியது:

என்னைக் கேட்டால் முதலில் 'தி கிரேட் டிரெயின் ராபரி'. அதே கை, அதே வயது, அதே மாதிரித் திருட்டு, ஆனால் முழுசாகத் தீட்டியது. அதை முடித்த கையோடு இதை எடுங்கள். எந்த இடங்களுக்கு அவர் திரும்பிவந்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பழங்கணக்கு எழுதியது:

எக்ஸ்குவெமெலினையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். போர்ட்டோபெலோ அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம், முன்னால் உள்ள தீவு வர்ணனைகளைப் பிறகு படித்தாலும் ஒன்றும் கெடாது. மார்கன் மீது எக்ஸ்குவெமெலின் சுமத்தும் கொடுமைகளை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். அவற்றுக்காக மார்கன் லண்டன் பதிப்பாளர்கள் மேல் அவதூறு வழக்குப் போட்டு, 1685இல் 200 பவுண்டு நஷ்டஈடும் வாங்கினார்.